பிராசசருக்கு லிக்விட் கூலர்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சிஸ்டம் அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கூலரை மட்டும் கடைசி நாளில், கையில் மிஞ்சிய பணத்துக்கு, கடைக்காரர் கைகாட்டியதை வாங்குவார்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறு: கண்ணாடிக் கேபினெட்டுக்குள் மினுமினுக்கிறது என்பதற்காகவே முதலில் கூலரை வாங்கிவிட்டு, அப்புறம்தான் அது உள்ளே பொருந்துமா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டு தரப்பிலிருந்தும் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஏஐஓ என்கிறார்களே, உள்ளே என்னதான் இருக்கிறது?

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் லிக்விட் கூலர் இது; ஆல் இன் ஒன் என்பதைத்தான் சுருக்கி ஏஐஓ என்கிறார்கள். தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி, மூடி, சீல் வைத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பிராசசர் மேல் உட்காரும் வட்டமான அல்லது சதுரமான பாகத்தின் அடியில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதன் உட்பக்கத்தில் மயிரிழை போன்ற மெல்லிய பள்ளங்கள். பிராசசரின் சூடு அந்தத் தகட்டுக்கு வந்து திரவத்தில் ஏறுகிறது. பம்ப் அந்தத் திரவத்தை ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன் காற்றில் ஆறி, திரவம் திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே கிளைக்கால் என்ற திரவம், துருப்பிடிக்காமல் தடுக்கும் ரசாயனம். தகடு செம்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இந்த இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அரிப்பு வரும் என்பதால்தான் அந்த ரசாயனம். வீட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பார்க்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

பம்ப் எங்கே இருக்கிறது என்பது கூலருக்குக் கூலர் மாறும். தகட்டின் மேலேயே பம்பை வைக்கும் அமைப்புக்கு டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதற்காக அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு நடத்தி வென்றும் இருக்கிறது. பல பெரிய பிராண்டுகளுக்குக் கூலரைத் தயாரித்துக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். எனவே பெட்டியில் பெயர் வேறு, விலை வேறு என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

பாதிப் பேருக்குத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. "ஐ7 வாங்கியிருக்கிறேன், லிக்விட் போடட்டுமா" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பிராசசர் எத்தனை வாட் குடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சில கணக்குகள். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், உச்சத்தில் 88 வாட் எடுக்கும். இன்டெல் ஐ5-12400 உச்சத்தில் 117 வாட். இந்த இரண்டுக்கும் திரவம் இல்லாமல், கோபுரம் போன்ற ஓர் உலோகத் தகட்டு அடுக்கும் ஃபேனும் மட்டும் உள்ள சாதாரண ஏர் கூலரே தாராளம். ஐ5-14600கே 181 வாட் வரை போகும். இரட்டைக் கோபுர ஏர் கூலர் சமாளித்துவிடும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட், ஐ9-14900கே 253 வாட், கோர் அல்ட்ரா 9 285கே 250 வாட். இந்த மூன்றையும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு 360 மி.மீ. லிக்விட் கூலர் நியாயமான செலவு.

"மணிக்கணக்கில்" என்பதுதான் இங்கே முக்கியம். விளையாட்டு மட்டும் ஆடுகிறவரின் ஐ9 எப்போதாவதுதான் அந்த 253 வாட்டைத் தொடும். பிளெண்டரில் ரெண்டர் போடுகிறவர், 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்கிறவர், பெரிய மென்பொருளைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்கிறவர்: இவர்களுக்குத்தான் பிராசசரின் எல்லாக் கோரும் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் எரியும்.

சிஸ்டம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். உங்கள் வழக்கமான வேலையை அரை மணி நேரம் செய்துவிட்டு, பிராசசர் பேக்கேஜ் பவர் என்ற வரியில் உச்சமும் சராசரியும் எவ்வளவு என்று பாருங்கள். சராசரி 120 வாட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பணத்தை ரேமிலோ எஸ்எஸ்டியிலோ போடுவது மேல்.

கூலர் மாற்றாமலே சூட்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. செலவும் இல்லை. பல மதர்போர்டுகள் இன்டெல் பிராசசருக்கு வாட் வரம்பே இல்லாமல் திறந்துவிட்டிருந்தன. 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் நிலைதடுமாறும் பிரச்சினை 2024இல் பெரிதானபோதுதான் வாட் வரம்பை வைக்கும் இன்டெல் டீஃபால்ட் என்ற அமைப்பைப் புதிய பயாஸ்களில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) கொண்டுவந்தார்கள். உங்கள் பயாஸ் பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பித்து, அந்த அமைப்பைப் போடுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தமும் கூடவே வந்துவிடும். கூலர் வாங்காவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ரைசனில் வாட்டைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோட் இருக்கிறது. 7600எக்ஸ் 142 வாட் வரை எடுக்கும். ஈகோவில் 88 வாட்டுக்குள் அடங்கிவிடும். விளையாட்டில் வேகம் குறைந்ததே பெரும்பாலும் தெரியாது.

நம் ஊர் வெயிலுக்கு லிக்விட் தான் சரிப்படுமாமே?

இந்தப் பேச்சு அதிகம் காதில் விழுகிறது, ஆனால் பாதிதான் உண்மை. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, இரண்டுமே கடைசியில் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. அறை வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக இரண்டாலும் முடியாது. அறை 10 டிகிரி சூடானால் பிராசசரும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. அவர்கள் சோதிக்கும் அறை 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். அங்கே 75 டிகிரி காட்டிய பிராசசர், மே மாதத்தில் ஏசி இல்லாத வேலூர் அறையில் 36 டிகிரியில் ஓடினால் 86ஐத் தாண்டும். கூலர் மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல விமர்சகர்கள் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் போடுவார்கள். அந்த எண்ணோடு உங்கள் அறையின் எண்ணைக் கூட்டிக்கொண்டால் வீட்டில் என்ன வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

லிக்விட் போட்டால் அறை குளிரும் என்று நினைப்பவர்களும் உண்டு. 250 வாட் எரிகிற பிராசசர் எந்தக் கூலரைப் போட்டாலும் 250 வாட் சூட்டை அறைக்குள்தான் விடும். சொல்லப்போனால், கோடையில் அறைக் கதவைத் திறந்து வைப்பதோ, கேபினெட்டைச் சுவரோரத்திலிருந்து ஓர் அடி நகர்த்துவதோ சில நேரம் புதுக் கூலரைவிட அதிகம் உதவும்.

ஏசி அறையில் குழாய் வியர்த்து மதர்போர்டில் சொட்டுமா என்றும் கேட்கிறார்கள். சொட்டாது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருள்தான் வியர்க்கும். ஏஐஓவின் திரவம் எப்போதுமே அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

240, 280, 360: எதை எடுப்பது?

எண் ரேடியேட்டரின் ஃபேன் நீளத்தைக் குறிக்கிறது. 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், 280 என்றால் இரண்டு 140 மி.மீ. ஃபேன், 360 என்றால் மூன்று 120 மி.மீ. ஃபேன், 420 என்றால் மூன்று 140 மி.மீ. ஃபேன்.

பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 240ஐவிட 280 கிட்டத்தட்ட 36 சதவீதம் பெரியது. 280ஐவிட 360 வெறும் 10 சதவீதம்தான் பெரியது. ஆக, கேபினெட் 280ஐ ஏற்கும் என்றால் 240 வாங்கக் காரணமே இல்லை. பிரச்சினை என்னவென்றால் 280ஐ ஏற்கும் கேபினெட்டும் குறைவு, கடையில் கிடைக்கும் 280 மாடலும் குறைவு.

120 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று மட்டும் உள்ள கூலரை வாங்காதீர்கள். அந்த விலைக்குக் கிடைக்கும் இரட்டைக் கோபுர ஏர் கூலர் அதைத் தோற்கடித்துவிடும். மிகச் சிறிய கேபினெட்டில் வேறு வழியே இல்லை என்பவர் மட்டும் யோசிக்கலாம்.

240ம் நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலரும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். தெர்மல்ரைட் பியர்லஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 போன்றவை வந்த பிறகு மலிவான 240க்கு இருந்த நியாயம் ரொம்பவே சுருங்கிவிட்டது. லிக்விட் என்று முடிவு செய்தால் 360க்குப் போங்கள், இல்லையென்றால் ஏர் கூலரிலேயே நில்லுங்கள். இடைப்பட்டதை அழகுக்காக வாங்குவதில் தப்பில்லை, அழகுக்குத்தான் என்று தெரிந்து வாங்கினால் சரி.

என் கேபினெட்டில் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

"360 சப்போர்ட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மேலேயா, முன்னாலேயா என்று பாருங்கள். முன்னால் 360 ஏற்கும் பல கேபினெட்டுகள் மேலே 240ஐ மட்டும்தான் ஏற்கும்.

அடுத்தது கனம். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்றவற்றில் ரேடியேட்டரே 38 மி.மீ. கனம். ஃபேனோடு சேர்த்தால் 63 மி.மீ. அந்தக் கூடுதல் கனத்தால் நன்றாகக் குளிர்விக்கிறது, அதே கனத்தால் பல கேபினெட்டுகளில் மேலே நுழைய மறுக்கிறது. ஸ்கேலை எடுத்து, கேபினெட்டின் மேல் தட்டிலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு வரை அளந்து பாருங்கள். 52 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ரேடியேட்டர் மதர்போர்டின் மேலே படர்ந்து நிற்கும். அப்போது விளக்கு வைத்த உயரமான ஆர்ஜிபி ரேமும், பிராசசருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (மின்சாரம் தரும் பாகம்) வரும் 8 பின் வயரும் இடிக்கும்.

முன்னால் மாட்டுவதென்றால் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தைச் சரிபாருங்கள். கேபினெட் சொல்லும் அதிகபட்ச நீளத்திலிருந்து ரேடியேட்டரின் கனத்தைக் கழிக்க வேண்டும். அந்த அளவு ஃபேனைச் சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமல் சொன்னதா என்பதையும் பாருங்கள்.

ஏர் கூலருக்கும் இந்தத் தலைவலி உண்டு, ஆனால் முக்கியமாக ஓர் அளவுதான்: உயரம். நாக்டுவா என்ஹெச்-டி15 165 மி.மீ., ஏகே620 160 மி.மீ. பக்கவாட்டுக் கண்ணாடி மூடுமா என்று பாருங்கள்.

மேலே மாட்டுவதா, முன்னால் மாட்டுவதா?

இடம் இருந்தால் மேலே. காரணம் காற்றுக் குமிழி. புதுக் கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும். வருடங்கள் போகப் போகக் குழாயின் ரப்பர் வழியாகத் தண்ணீர் துளித்துளியாக ஆவியாகி, அந்தக் காற்றின் அளவு கூடும். காற்று எப்போதும் உயரமான இடத்தில் சேரும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அதன் ஓரத் தொட்டியில் சேர்ந்து யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். பம்ப் உயரமான இடத்தில் இருந்தால் பம்புக்குள் சேரும். களகளவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும்.

அதனால் கேபினெட்டின் அடியில் ரேடியேட்டரை மாட்டவே கூடாது. முன்னால் மாட்டினால் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கட்டும். குழாய்கள் கீழே வரும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீளம் போதவில்லை என்றால் குழாய் மேலே இருந்தாலும் பயப்பட வேண்டாம், பம்பைவிட மேல் முனை உயரமாக இருந்தால் போதும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. முன்னால் மாட்டினால் பிராசசருக்கு வெளிக்காற்று நேராகக் கிடைக்கும், ஆனால் அந்தச் சூடான காற்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். மேலே மாட்டினால் கார்டு விட்ட சூடு ரேடியேட்டர் வழியாக வெளியேறும், பிராசசர் சில டிகிரி கூடும். விளையாடும்போது பிராசசரைவிடக் கார்டுதான் அதிகம் எரியும். ஆர்டிஎக்ஸ் 4070 கூட 200 வாட். கார்டுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று மேலேயே மாட்டுவதுதான் என் தேர்வு.

ஒழுகினால் கார்டு, போர்டு எல்லாம் போய்விடுமா?

போக வாய்ப்பு உண்டு. திரவம் மின்சாரத்தைக் கடத்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிதாக இருக்கும்போது குறைவாகக் கடத்தலாம், செம்பிலும் அலுமினியத்திலும் சுற்றிச் சுற்றி வந்த பிறகு அந்த வாக்குறுதி செல்லாது. ஆனால் ஒழுகுவது அரிது. பெயர் பெற்ற தயாரிப்புகளில் பெரும்பாலான சாவு பம்ப் நின்றுபோவதாலோ, பள்ளங்களில் கசடு அடைத்துக்கொள்வதாலோதான் வருகிறது. எம்எஸ்ஐ 2021இல் கோர்லிக்விட் மாடல்கள் சிலவற்றைக் கசடு பிரச்சினைக்காகத் திரும்பப் பெற்றது. ஆர்க்டிக் 2022இல் லிக்விட் ஃப்ரீசர் 2இன் ஆரம்பத் தொகுதிகளில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றுப் பாகம் அனுப்பியது. பிராண்டைத் தேர்வு செய்யும்போது தவறே செய்யாத நிறுவனத்தைத் தேட வேண்டாம். தவறு நடந்தபோது எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

வாரண்டிதான் நேர்மையான அளவுகோல். என்இசட்எக்ஸ்டி கிராக்கன், ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் இரண்டுக்கும் 6 வருடம் தருகிறார்கள். 5 வருடம் தருபவர்கள் பலர். 2 வருட வாரண்டியோடு மலிவாக வருவதை விட்டுவிடுங்கள். ஏர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றலாம், இங்கே பம்ப் போனால் மொத்தமும் குப்பைதான்.

இந்தியாவில் வாங்கும்போது இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கிறதா, வாரண்டியை யார் கொடுக்கிறார்கள், சர்வீஸ் சென்டர் எங்கே என்று பில் போடும் முன்பே கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார் என்று பில் இல்லாமல் வாங்கினால் அந்த 6 வருடம் வெறும் எழுத்துதான்.

பம்ப் செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

சிஸ்டத்தை ஆன் செய்து பயாஸுக்குள் போன சில நிமிடத்திலேயே 90, 100 என்று ஏறும். குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். பிராசசர் பக்கம் கொதிக்க, ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் திரவம் ஓடவில்லை என்று அர்த்தம். பிராசசருக்குப் பயமில்லை, அது தானாக வேகத்தைக் குறைத்து, முடியாமல் போனால் சிஸ்டத்தை அணைத்துவிடும்.

பழைய கூலரைப் புதிய போர்டில் மாட்டலாமா?

எல்ஜிஏ, ஏஎம் என்பவை பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்கள்: முதலாவது இன்டெல், இரண்டாவது ஏஎம்டி. எல்ஜிஏ 1700க்கான கூலர் எல்ஜிஏ 1851க்கும் பொருந்தும். எல்ஜிஏ 1200க்கானது பொருந்தாது, துளைகளின் இடைவெளி 75 மி.மீ.யிலிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது. தனி பிராக்கெட் வேண்டும். ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்குப் பெரும்பாலானவை அப்படியே போகும். ஆனால் ஏஎம்5இல் போர்டின் பின் தகட்டைக் கழற்ற முடியாது. சொந்தப் பின் தகட்டோடு வரும் பழைய மாடல்கள் அங்கே பொருந்தாது.

வயர்களை எங்கெங்கே சொருக வேண்டும்?

பம்பின் வயரை ஏஐஓ பம்ப் என்றோ பம்ப் ஃபேன் என்றோ எழுதிய இடத்தில் சொருகி, பயாஸில் முழு வேகம் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன்களைச் சிபியு ஃபேன் என்ற இடத்தில் சொருகுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் பல போர்டுகள் ஆன் ஆகும்போதே எரர் காட்டி நின்றுவிடும். திரை வைத்த மாடலுக்கு உள்ளே யுஎஸ்பி 2.0 இணைப்பு ஒன்று காலியாக இருக்க வேண்டும்.

ஆர்ஜிபி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். 3 பின் உள்ளது 5 வோல்ட், 4 பின் உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் வம்பாகச் சொருகினால் விளக்கு எரிந்து போகும்.

360 போட்டும் என் 7800எக்ஸ்3டி 80 டிகிரி காட்டுகிறதே?

சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பிராசசர் எடுக்கும் வாட் குறைவு, ஆனால் சூடு மிகச் சிறிய இடத்திலிருந்து கிளம்புகிறது. அதன் மேல் கேஷ் (வேகமான நினைவகம்) சில்லு ஒன்று அமர்ந்து சூட்டை மேலே வரவிடாமல் தடுக்கிறது. சூடு தகட்டுக்கு வந்து சேர்வதிலேயே தாமதம் என்பதால் ரேடியேட்டரைப் பெரிதாக்கிப் பயனில்லை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அந்தச் சில்லைக் கீழே மாற்றிவிட்டார்கள். 7950எக்ஸ் 95 டிகிரியில் நிற்பதும் ஏஎம்டி திட்டமிட்டே செய்ததுதான். அந்த வெப்பத்தைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதில் நல்ல கூலர் போட்டால் டிகிரி குறையாமல் வேகம் கூடலாம்.

லிக்விட் என்றால் சத்தமே இருக்காதா?

ஃபேனோடு பம்பின் சத்தமும் சேரும். ஆனால் ஒரு நன்மை உண்டு. திரவம் சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு நொடி ஏறி இறங்கும் வெப்பத்துக்கெல்லாம் ஃபேன் அலற வேண்டியதில்லை. கூலரில் திரவ வெப்பத்தை அளக்கும் சென்சார் இருந்தால் ஃபேன் வேகத்தை அதோடு இணையுங்கள். இல்லையென்றால் பயாஸில் ஃபேன் மெதுவாக ஏறும்படி தாமதம் வையுங்கள்.

திரை, விளக்கு வைத்த மாடல் வாங்கலாமா?

குளிர்விப்பதில் அதற்குப் பங்கில்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள்.

பராமரிப்பு என்ன?

தூசிதான். ரேடியேட்டரின் இடுக்குகளில் பஞ்சு போல அடைத்துக்கொள்ளும். சாலையோர வீடு என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலரைக் கழற்றினால் பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே தடவிய பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?

ஏர் கூலர் என்றால் தாராளமாக. ஏஐஓ என்றால் பில் இருந்து, வாரண்டி உங்கள் பெயரிலும் செல்லும் என்று உறுதியானால் மட்டும். எத்தனை வருடம் ஓடியது, உள்ளே எவ்வளவு திரவம் மிச்சம் என்பது வெளியே தெரியாது. வாங்கத்தான் போகிறேன் என்றால், விற்பவர் வீட்டிலேயே ஓடவிட்டு, பம்பின் அருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.